நன்மை மட்டும்

செய்தி வந்த விதம் சிவபாதத்துக்குப் பிடித்திருக்காது. சாவகச்சேரியில் நாங்கள் ஒதுங்கியிருக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் அவருடைய தங்கையின் கணவர் சைக்கிளை நிறுத்தினார். என்னைக் கண்டதும், இறங்கக்கூட இல்லை, "ஐயா, மச்சான் விடிய மோசம் போயிட்டார்" என்றார். பிறகுதான் முகத்தைத் துடைத்தார். கொடிகாமத்தில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் காய்ச்சலோடு கிடந்து செத்திருக்கிறார். மருந்து தேடி அலைந்தும் கிடைக்கவில்லையாம்.

மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது எல்லாச் செய்தியும் இப்படித்தான் வருகிறது. ஆனால் சேவையர் சிவபாதம் அந்த இடத்தில் நின்றிருந்தால் கையைத் தூக்கி மறித்திருப்பார். முதலில் சுகம் கேள், பிறகு வழிப்பயணம் கேள், வீட்டாரைக் கேள், செய்தி கடைசியில் வரட்டும் என்று சொல்லியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். செத்தவரின் கதையைக் கல்வெட்டு என்று புத்தகமாக அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். இப்போது அச்சுக்கூடமும் இல்லை, காகிதமும் இல்லை, கொடுப்பதற்கு ஊரும் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் எந்தெந்தக் கோயில் மடத்தில் இருக்கிறீர்களோ தெரியாது. காதில் விழுகிறவர்கள் கேளுங்கள்.

அச்சுவேலியில் என் கந்தோரில்தான் எங்கள் சிநேகம் வளர்ந்தது. நான் நொத்தாரிசு, அவர் நில அளவையாளர், ஊர் வாயில் சேவையர். அவர் அளந்து படம் கீறித் தருவார், நான் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதுவேன். அதற்கு முன்பு அவர் அல்ஜீரியாவின் தெற்கே, சகாரா பாலைவனத்தில், ஒரு வீதி போடும் கம்பனிக்காகப் பல வருடம் நிலம் அளந்தவர். ஒட்டகத்திலும் லொறியிலும் போய், கூடாரத்தில் படுத்து, கல்லும் மணலும் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் கோடு போட்டவர். வழிகாட்டியாக வந்தவர்கள் துவாரெக் என்று பிறர் அழைக்கும் சனம். பெர்பர் இனத்தில் ஒரு பிரிவு. "பெர்பர் எண்டது மற்றவை வைச்ச பேர். அவை தங்களை அப்பிடிச் சொல்லுறேல்லை" என்று என்னை எத்தனை தரம் திருத்தியிருப்பார்! அந்தச் சனத்துக்குள்ளேயே பதிமத்தா என்ற பெண்ணைக் கட்டினார், ஒரு மகளும் பிறந்தாள்.

எண்பத்துமூன்றில் தாயின் செத்தவீட்டுக்கு மயிலிட்டிக்கு வந்தார். கடமை முடித்துத் திரும்பிப் போகக் கொழும்புக்குப் போன சமயம் ஆடிக் கலவரம் தொடங்கியது. தங்கியிருந்த லொட்ஜ் எரிந்தது, பாஸ்போட்டும் அதோடு எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார், உடுத்த உடுப்போடு. புதுப் பாஸ்போட் கிடைத்தபோது கம்பனி அவர் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டது. வேலை இல்லாதவனுக்கு அந்த நாடு விசா கொடுக்காது. கடிதம் எழுதினார். மேய்ச்சலைத் தேடி இடம் மாறுகிற சனத்துக்கு ஏது முகவரி? பாலைவனப் பட்டினம் ஒன்றில் இருந்த ஒரு கடைக்காரரின் பெயருக்குப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோனார். ஒரு பதிலும் வரவில்லை.

அவருக்கு மிஞ்சியது அந்தச் சனத்தின் தமாஹக் மொழி ஒன்றுதான். கதைக்க ஆளில்லாமல் அதுவும் போய்விடும் என்று பயந்தார். ஒரு காலை கந்தோருக்கு வந்து, கதிரையில் இருக்காமலே, "நொத்தாரிசு, எனக்கு ஒரு உபகாரம் செய்யும். நான் கேக்கக் கேக்க நீர் ஒரே மறுமொழிதான் சொல்லவேணும். அல்கேர் கஸ்" என்றார்.

"அப்பிடியெண்டால்?"

"நன்மை மட்டும்."

பாலைவனத்தில் இருவர் சந்தித்தால் உடனே விஷயத்துக்கு வரக்கூடாதாம். சுகம் எப்படி, களைப்பு எப்படி, வெயில் எப்படி, பிள்ளைகள் எப்படி, மந்தை எப்படி என்று ஒருவர் கேட்டுக்கொண்டே போக வேண்டும். மற்றவர் எல்லாவற்றுக்கும் நன்மை மட்டும் என்றே சொல்ல வேண்டும். தகப்பன் செத்திருந்தாலும் அப்படித்தான். தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, இருந்த பிறகு உண்மையைச் சொல்லலாம். "தூரத்திலையிருந்து வந்தவனுக்கு உடனை பாரம் ஏத்தக்கூடாது" என்பார். சரியான விசர்க்கூத்து என்று நான் சிரித்தேன். சிரித்தபடியே பழகிவிட்டேன். அவர் தமாஹக்கில் கேட்பார், நான் அல்கேர் கஸ் என்பேன். பிறகு என் முறை. எனக்கு மறுமொழி மட்டும்தான் பாடம், ஆகையால் தமிழில் கேட்பேன். "வீட்டார் எப்படி, சேவையர்? மகள் எப்படி?" ஒரு செய்தியும் இல்லாத அந்த மனிதர், என் முகத்தைப் பார்த்து, நன்மை மட்டும் என்பார். ஒவ்வொரு காலையும் அப்படித்தான்.

ஊர் சிரிக்க அவர் ஒரு பகிடி. சைக்கிள் ஓடும்போது சால்வையால் தலையையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொள்வார், கண் மட்டும் தெரியும். "அங்கை முகத்தை மூடுறது ஆம்பிளையள். பொம்பிளையள் மூடுறேல்லை. கூடாரமும் பொம்பிளையின்ரைதான், கோவிச்சால் புருசன் வெளியிலை" என்பார். அதைக் கேட்டு நான், நாங்களும் வீட்டைப் பெண்ணுக்குத்தானே சீதனமாக எழுதுகிறோம் என்றேன். "ஓம், எழுதிப்போட்டு ஆயுசு முழுக்கக் கோட்டிலை நிக்கிறியள்" என்றார். அந்த வழக்குகளில்தான் என் அடுப்பு எரிந்தது.

ஒருமுறை அண்ணன் தம்பி இருவர் வேலித் தகராறு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சாண் அகல நிலம். சிவபாதம் வெயிலில் நின்று சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார். மூத்தவன், "அந்த நாட்டிலை வேலி இல்லையாமே, எப்பிடிச் சேவையர் சனம் சீவிக்குது?" என்று கேட்டான்.

"கிணறு எங்கை எண்டு தெரிஞ்சால் காணும். தண்ணி கேட்டு வாறவனை மறிக்கிறேல்லை" என்றார்.

அந்த வளவில் பங்குக் கிணறு ஒன்று இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள், பிறகு வேலியைப் பற்றியே சண்டையைத் தொடர்ந்தார்கள். இன்று அந்த வளவில் இரண்டு பேரும் இல்லை. வேலி நிற்கிறதோ என்னவோ.

உறுதி எழுதுவிக்க வந்த தமிழ் வாத்தியார் ஒருவர் அவரைக் கிண்டிக் கேட்டது நினைவிருக்கிறது. அந்தச் சனத்தின் மொழிக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் சிவபாதம். எழுத்து உண்டு, தாய்மார் மணலில் விரலால் கீறிப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள், காற்று வந்தால் அழிந்துவிடும், திரும்பவும் கீறுவார்கள்.

"அப்ப அவை ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

"வடக்குப் பக்கத்து மலைச்சனம், அதே இனம்தான், கேட்டவை. தங்கடை மொழியிலை படிப்பிக்கச் சொல்லி வீதிக்கு வந்தவை."

"என்ன கிடைச்சது?"

"அடி" என்றார். சிவபாதம் முற்றத்துக்கு இறங்கி, மணலில் ஒரு வட்டமும் இரண்டு கோடும் சில புள்ளிகளும் போட்டார். மகளின் பெயர் என்றார். அது கந்தோர் முற்றத்தில் பின்னேரம் வரை கிடந்தது. கூட்ட வந்த மனிசியை நான் அந்தப் பக்கம் விடவில்லை.

தொண்ணூறில் ஆமி வர மயிலிட்டிச் சனம் எழும்பி ஓடிய நாளும் அவர் கந்தோருக்கு வந்தார். காலில் செருப்பில்லை. எனக்கு விஷயம் முன்பே தெரியும், "வீடு என்ன மாதிரி?" என்று பாய்ந்து கேட்டேன். அவர் கையைத் தூக்கினார். சுகம் எப்படி என்றார், களைப்பு எப்படி என்றார், முழுதாகக் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அல்கேர் கஸ் சொன்னேன். தண்ணீர் குடித்த பிறகுதான், "அம்மாவின்ரை வீடும் போச்சு, நொத்தாரிசு" என்றார். அன்றுதான் அந்த வழக்கம் எதற்காக என்று எனக்கு விளங்கியது. அந்தக் கொஞ்ச நேரம் அவரை விழாமல் தாங்கிப் பிடித்தது.

கடைசியாக அவரைக் கண்டது தொண்ணூற்றைந்து, இந்த ஐப்பசியில், சண்டை நெருங்க வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது. மழை விட்டு விடிந்திருந்தது. கால் வைக்க இடமில்லாத சனத்துக்குள் அவர் தெருவோரம் ஒரு கல்லில் குந்தியிருந்தார். சால்வை முகத்தைச் சுற்றியிருந்தது. தொட்டேன், உடம்பு கொதித்தது. என்னை அறிந்துகொண்டார். தொடங்கினார். சுகம் எப்படி? களைப்பு எப்படி? சுற்றி அத்தனை அழுகை, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள். நான் ஒவ்வொன்றுக்கும் நன்மை மட்டும் என்று சொன்னேன்.

பிறகு என் முறை. "வழிப்பயணம் எப்படி, சேவையர்?"

"அல்கேர் கஸ்."

"வீட்டார் எப்படி?"

"அல்கேர் கஸ்."

"மகள் எப்படி?"

அவர் சால்வையை வாயிலிருந்து இறக்கினார். "தெரியாது, நொத்தாரிசு. எனக்கொண்டும் தெரியாது" என்று தமிழில் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் முறை தவறியது அந்த ஒரு தரம்தான். தங்கையும் கணவரும் அவரைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். சனம் இடையில் வந்தது, பிறகு அவர்களைக் காணவில்லை.

கொடிகாமத்தில் அவரை எரித்தார்கள். விறகு ஈரம், எரிவதற்கு நேரம் எடுத்தது. தேவாரம் பாடியவருக்கும் இருமல். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் முறை. நானும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு சொற்கள்தான். கேள்விகளை அவரே வைத்திருந்தார், அவற்றை நான் படிக்கவில்லை. மகள் இப்போது வளர்ந்த பெண்ணாக இருப்பாள். அப்பா எங்கே என்று தேடி அவள் என்றைக்காவது இந்த மண்ணுக்கு வந்தால், அவளும் முறைப்படி எல்லாம் கேட்பாள். நானும் முறைப்படி அல்கேர் கஸ் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். தண்ணீர் கொடுத்து, இருத்திய பிறகுதான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவள் வரமாட்டாள். அச்சுவேலியில் என் கந்தோர் பூட்டிக் கிடக்கிறது, நான் இந்தப் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் படுக்கிறேன். எனக்கும் முகவரி இல்லை.