சுபைதா மேடம் கொடுத்தது செத்த விதையல்ல

வெள்ளிக்கிழமை காலை பொம்மிடியிலிருந்து மாதப்பன் போன் செய்தான். "மேடம் போயிட்டாங்களாம்ணா. நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்." எங்கள் பகுதிக்கு உதவி வேளாண்மை அலுவலராக இருந்த சுபைதா மேடத்தைத்தான் சொன்னான். மதியத்துக்குள் மொரப்பூர் சாலையில் பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். 'உழவர்களின் தோழி'யாம். அஞ்சலி செலுத்துவோர் ஏழு பேரில் என் பெயரும் படமும் இருந்தன. இதே ஏழு பேர்தான் அவரை இங்கிருந்து துரத்தினோம்.

அவரை அறிந்தவர்களே, நடந்தது இதுதான். எங்கள் மானாவாரி நிலம் களர் தட்டி விளைச்சலில்லாமல் கிடந்தபோது அவர் பசுந்தாள் உரத்துக்காகக் கொழுஞ்சி விதை கொண்டுவந்தார். வேலியோரம் தானாக மண்டும் அந்தச் செடியை யாராவது விதைப்பார்களா என்று சிரித்தோம். அவர் விடவில்லை. "களை மாதிரி வளர்றதுதாங்க இதோட நல்ல குணம். ஆடு கடிக்காது. வேரு ஆழமா போறதால வெயில்ல காயாது. ஒரு தடவ காய் வெடிச்சு விழுந்துச்சுன்னா வருஷா வருஷம் தானா வரும். தோலுதான் கல்லு மாதிரி. மணல் போட்டுத் தேய்ச்சு விதைங்க, இல்லைன்னா தண்ணி உள்ள போகாது" என்றார். மொபெட்டில் வைத்திருந்த பையிலிருந்து மணலை எடுத்து, உள்ளங்கை சிவக்கத் தேய்த்தும் காட்டினார்.

நாங்கள் தேய்க்கவில்லை. அன்று மாலையே மழை இறங்கியது. ஈரம் போவதற்குள் விதைக்க வேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கம். "கொள்ளு வெதைக்கத் தெரிஞ்சவனுக்கு இந்தப் பொம்பள வந்து சொல்லித் தரணுமா?" என்று ஏழு பேரில் ஒருவரான பெரியசாமி கேட்டது இன்னொரு பக்கம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு மாதம் ஆகியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. செத்த விதையைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஏழு பேரும் தருமபுரி வேளாண்மை அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். விசாரணைக்கு வந்த அதிகாரி, "மணல்ல தேய்ச்சீங்களா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். மேடம் பக்கத்திலேயே நின்றிருந்தார். "தேய்ச்சோங்க" என்றேன். மற்ற ஆறு பேரும் அதையே சொன்னார்கள். பாவிகள் நாங்கள். அந்த வாரமே அவரைத் தொலைவாக எங்கோ மாற்றிவிட்டார்கள்.

மறு வருஷ மழையில் ஏழு நிலத்திலும் கொழுஞ்சி கொத்துக் கொத்தாக வந்தது. மண்ணுக்குள் கிடந்து தோல் இளகியிருக்கிறது, அவ்வளவுதான். பூத்த செடியை மண்ணுக்கு உரமாக மடக்கி உழுதோம். அடுத்துப் போட்ட சாமை அப்படி விளைந்தது. ஆனாலும் யாரும் போய் உண்மையைச் சொல்லவில்லை. "இப்பப் போயி எதுக்குங்க? நம்ம மேலயே கேஸ் வரும்" என்றார் பெரியசாமி. அந்த ஆளோடு பிளக்ஸில் தோளோடு தோள் நின்றிருக்கிறேன், தூ!

அந்தக் கொழுஞ்சியை உழுவதற்கு முன்பு ஒருநாள் மேடம் எனக்குப் போன் செய்தார். அவர் குரலில் கோபமே இல்லை. "அண்ணே, மழ பேஞ்சுதாமே. அந்த வெத இப்பவாச்சும் வந்துச்சுங்களா?" நான் வரப்பில் நின்றிருந்தேன். முழங்கால் உயரத்துக்குச் செடி ஊதாப் பூவோடு நின்றது. "இல்லீங்க மேடம், ஒண்ணும் வரல" என்றேன்.

நேற்று அந்தப் பிளக்ஸை நானே கிழித்தேன். சண்டைக்கு வந்தவர்களிடம், திங்கட்கிழமை தருமபுரிக்குப் போய் நடந்ததை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "செத்தவங்களுக்கு அதனால என்ன வந்துரப்போவுது?" என்று கேட்டார்கள். ஒன்றும் வராது, தெரியும். நான் பொய் சொன்ன பிறகு போனில் அவர் சொன்னதுதான் என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருக்கிறது:

"நீங்க தேய்ச்சும் வரலைன்னா, நான் கொடுத்த வெததான் தப்பா இருந்திருக்கும். என்னை மன்னிச்சிருங்கண்ணே."