ஏ.சி.க்கு எதிரே தொங்கிய வெள்ளைக் கோட்டு

மாரிச்செல்வத்துக்கு ஒரு பரீட்சை கைவிட்டுப் போனது என்னால்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் ரேடியோதெரபி பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக அட்டெண்டர். மெடிக்கல் பிசிக்ஸ் எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் எங்களிடம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு வருவார்கள். இனி வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மூன்றாவது லிஸ்ட்

மாரிச்செல்வம் விளாத்திகுளம் பக்கத்துக்காரன். அந்தப் படிப்புக்கு சீட் ரொம்பக் கம்மி. இவன் பெயர் மூன்றாவது லிஸ்டில்தான் வந்ததாம். வந்த அன்றே சொன்னான்:

"ஊர்ல பதில் சொல்லி முடியலக்கா. மெடிக்கல்னா, ஊசி போடுவியாங்காங்க. பிசிக்ஸ்னா, வாத்தியாராங்காங்க."

"நீ என்னதான் சொல்லுத?"

"டாக்டர் எழுதுத கதிரை அளந்து குடுக்கவன்னேன். அப்போ கம்பவுண்டரான்னுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கவலையும். எனக்கு எதற்கும் கவலைதான். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். இன்டர்ன்ஷிப் முடித்தால் மட்டும் போதாது. அந்த சர்டிபிகேட்டை வைத்து ஆர்.எஸ்.ஓ., அதாவது கதிர் பாதுகாப்பு அதிகாரி, பரீட்சைக்கு அப்ளை பண்ண வேண்டும். பாஸானால்தான் நல்ல வேலை. முன்னால் வந்தவர்களில் ஒருத்தி மஸ்கட் போனாள். ஒருவன் மெஷின் விற்கிற கம்பெனியில் பெட்டியும் கையுமாக அலைகிறான். பரீட்சையில் தேறாத ஒருவன் கோவில்பட்டியில் டியூஷன் எடுக்கிறான். இவனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி, பாஸ் பண்ணினால் வா என்று சொல்லி வைத்திருந்தது. விதவைத் தாய் ஊரில் தனியாக இருந்தாள். ஒரு ராத்திரி பஸ்ஸில் வந்து போகிற தூரம் என்று அவனுக்கு அதில் அவ்வளவு ஆசை.

2. ஈரக் கோட்டு

வாட்டர் பேண்டம் என்பது பெரிய கண்ணாடித் தொட்டி மாதிரி இருக்கும். அதில் தண்ணீர் நிரப்பி, உள்ளே கதிர் எவ்வளவு இறங்குகிறது என்று மெஷினை ஓட்டி அளப்பார்கள். ஒரு சாயங்காலம், பேஷண்டுகள் போனபின், மாரி தொட்டியை நிரப்பினான். ஹோஸ் நழுவி அவன் கோட்டு நனைந்துவிட்டது. கழற்றி என்னிடம் கொடுத்தான். ட்ரீட்மென்ட் ரூமுக்குள்ளேயே ஏ.சி.க்கு எதிரே ஒரு கொக்கி உண்டு. காயட்டும் என்று அதில் மாட்டினேன்.

கதவை மூடும் முன் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று மூன்று தடவை பார்த்தேன். கோட்டைப் பார்க்கவில்லை. அதில் அவனுடைய டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருந்தது. உடம்பில் பட்ட கதிரைக் காட்டும் சின்ன அட்டை அது. மூன்று மாசத்துக்கு ஒருமுறை லேபுக்கு ரீடிங் எடுக்கப் போகும். அன்று ரெண்டு மணி நேரம் கதிர் பீம் ஓடியது.

மறுநாள் காலையில் நான்தான் முதல் ஆளாகப் போனேன். கோட்டைக் கண்டதும்தான் பேட்ஜ் ஞாபகம் வந்தது. எனக்கு வேலையே கான்ட்ராக்டில்தான். பேட்ஜைக் கழற்றி, வெளியே எல்லார் பேட்ஜும் தொங்கும் போர்டில் அவன் பெயருக்கு நேரே மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் தினமும் அவனுக்கு என் காசில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

3. ரிப்போர்ட்

ரீடிங் வந்தது. வருஷத்துக்கு அனுமதித்ததைவிடப் பல மடங்கு. சீனியர் பிசிசிஸ்ட் சண்முகராஜ் சார் அவனைக் கூப்பிட்டார். நான் பைல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, பீம் ஓடும்போது உள்ள நின்னியா?"

"இல்ல சார்."

"பேட்ஜை எங்கயும் கழத்திப் போட்டியா?"

"போர்டுலதான் சார் இருந்துச்சு."

"அப்போ அட்டை பொய் சொல்லுதோ? காரணம் தெரியாம உன் சர்டிபிகேட்ல நான் எப்படிலே கையெழுத்துப் போடுவேன்?"

பரீட்சைக்கு அப்ளை பண்ணக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதிலும் ரெண்டு நாளை நான் வீணாக்கினேன். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சர்டிபிகேட்டில் மாதா கையெழுத்துப் போட மாட்டாள் என்று புரிந்ததும் சாரிடம் போய் நின்றேன். மாரியும் அங்கே இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் ரிப்போர்ட்டை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "மறுநாளே சொல்லிருந்தா ஒரு கடுதாசில முடிஞ்சிருக்கும்க்கா. ரூம் பூராவும் மூணு தடவை பார்ப்பியளே. இதை மட்டும் ஏன் மூணு மாசம் பொத்தி வச்சிய?" என்றார்.

"பயம் சார்."

"பயப்படுததுக்குத்தானக்கா இந்த டிபார்ட்மென்ட்ல நம்மளை வச்சிருக்கு."

மாரி என்னையே பார்த்தான். "கோட்டுலருந்து பேட்ஜை எடுக்காம குடுத்தது நான்தான்," என்றான். கொஞ்சம் கழித்து, "அப்போ டீயெல்லாம் அதுக்குத்தானாக்கா?" என்றான்.

நடந்ததை என் கையால் எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. அவன்மேல் கதிர் படவில்லை என்று பதில் வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த பரீட்சையில் பாஸ் பண்ணினான். கோயம்புத்தூர் வேலை அதற்குள் வேறு ஆளுக்குப் போயிருந்தது.

என் வேலை போகவில்லை. கூப்பிட்டுத் திட்டினார்கள், அவ்வளவுதான். மூன்று மாசம் நான் பயந்த பயத்துக்கு நடந்தது அதுதான்.

இப்போதும் எனக்குக் கவலை விடவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் அன்றே சொல்லிவிடுகிறேன். காலையில் பார்த்ததும், "இன்னைக்கு என்ன பயம்க்கா?" என்பார் சார். பாதி நாள் ஒன்றுமிருக்காது. இருந்தாலும் கேட்டுக்கொள்வார். நீங்களும் அப்படிச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டால் அது வேலையில் சேர்ந்துவிடும். உள்ளே வைத்திருந்தால் யார் தலையில் இறங்கும் என்று தெரியாது.

மாரி இப்போது நாக்பூரில் இருக்கிறான். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று போன வாரம் போன் பண்ணினான். அவன் அம்மா இந்த வருஷமும் தனியாகத்தான் பானை வைத்தாள்.