பொன்கல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். அந்தக் கோபத்தில் ஒருவனுடைய மணிக்கட்டை உடைத்திருக்கிறேன். அந்தக் கதையைக் கேட்பவர்கள் இன்றும் என்னை மெச்சுகிறார்கள். எனக்கு மட்டும்தான் அது வெட்கக்கேடு.

போர் நடந்துகொண்டிருந்த காலம். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல்லைச் சுடும் சூளை ஒன்றில் நான் நிலக்கரி பொறுக்கும் வேலை பார்த்தேன். என் அண்ணன் அங்கே தீ பார்ப்பவன். பத்து வருஷம் கல் சுமந்த பிறகு கிடைத்த வேலை அது. மேஸ்திரி அந்த இடத்தைத் தன் மச்சினனுக்குப் பிடித்துக் கொடுக்க அலைந்துகொண்டிருந்தான். தீ ஒருநாள் கெட்டால் போதும், அண்ணன் வெளியே.

ரயிலில் வரும் கரியைச் சுத்தியலால் உடைத்து, கல்லை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கூடையில் போடுவோம். ஒரே கட்டிக்குள் பட்டை பட்டையாக எத்தனையோ இருக்கும். பளபளக்கும் பட்டை சட்டென்று பற்றும். மங்கலான பட்டை கெட்டி, உடைக்கக் கை வலிக்கும். இன்னொரு பட்டை தொட்டாலே உதிர்ந்து விரலில் மையாக ஒட்டும். நடுவில் சாம்பல் நிறத்தில் சேற்றுக்கல். சிலசமயம் அதில் இலையின் நரம்புகூட அப்படியே பதிந்திருக்கும். கல்லைப் பரிசோதிக்கும் ஐயா ஒருவர் இருந்தார். கரித்துண்டை வழவழவென்று தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். மனிதனே இல்லாத காலத்தில் ஏரியில் விழுந்து அமுங்கிய மரமும் இலையும்தான் இந்தக் கரி, வெள்ளம் அடித்துவந்த சேறுதான் இந்தக் கல் என்பார்.

கரிக்குள் பொன்கல்லும் இருக்கும். மஞ்சளாக மினுங்கும், கைக்குக் கனக்கும். எங்களுக்கு அது லட்சுமி. வெள்ளிக்கிழமை சூளைக்குச் சூடம் காட்டியதும் அதை முதல் கூடையில் வைத்துத் தீயில் கொட்டுவோம்.

"அது தங்கமில்லம்மா, இரும்பும் கந்தகமும். சாம்பலை உருக்கிக் கட்டியாக்கிடும். தள்ளிப் போடுங்க" என்று ஐயா ஒருமுறை என்னிடம் சொன்னார். சரிங்க என்று தலையாட்டினேன். லட்சுமியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

போர்க்காலக் கரி படு மோசம். அந்த வாரம் பொன்கல் மட்டும் மூன்று கூடை சேர்ந்துவிட்டது. இத்தனை வேண்டாம் என்றார்கள் மற்ற பெண்கள். அண்ணனின் தீ நன்றாக நிற்க வேண்டும் என்று மூன்றையும் நானே சுமந்துபோய் ஒரே இடத்தில் கொட்டினேன். அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் சூளை அடைத்துக்கொண்டது. சாம்பல் பாகாய் உருகி, இறுகி, சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கந்தகப் புகை தொண்டையை அறுத்தது. அண்ணன் கம்பியால் குத்திக்கொண்டே இருந்தான், கட்டி அசையவில்லை.

மேஸ்திரி வந்தான். "தூங்கிப்போட்டியாடா?" என்று கம்பியைப் பிடுங்கி அண்ணன் முதுகில் அடித்தான். நுனி பழுக்கக் காய்ந்திருந்தது. சட்டை பொசுங்கித் தோலோடு ஒட்டியது.

"நான் தூங்கலீங்க."

அடுத்த அடி வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் சாம்பலில் போய் விழுந்தன. சுற்றி நின்ற யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்திருக்க வேண்டும். நான் போட்ட கல்லுங்க என்று ஒரு வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை, கைதான் வந்தது. கரி உடைக்கும் சுத்தியலை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்தது காதில் கேட்டது. அவன் உட்கார்ந்துவிட்ட பிறகும் தோளில் ஒன்று போட்டேன். பொய் சொல்வானேன், அந்த இரண்டாவது அடி எனக்கு இனித்தது.

ஐயா ஓடிவந்து கட்டியில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தார். "இது பொன்கல் செஞ்ச வேலை. யார் போட்டது?" என்று கேட்டார். அவர் கண் என் மேல்தான் இருந்தது.

அண்ணன் ரத்தத்தைத் துப்பினான். "நாந்தானுங்க போட்டேன். இந்த அம்மிணிக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

நான் தலை குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். பெண்ணிடம் அடிபட்டதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மேஸ்திரி என்மேல் புகார் கொடுக்கவில்லை. கரி பொறுக்க ஆளும் கிடைக்காத நேரம், அதனால் என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. கூடப்பிறந்தவனுக்காகக் கை ஓங்கியவள் என்று ஊரே என்னைக் கொண்டாடியது. அண்ணன் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். மேஸ்திரியின் மச்சினன் தீ பார்த்தான். அன்று கண்ணில் பட்ட பொன்கல்லையெல்லாம் தள்ளிப் போட்டேன், என் கூடையில் ஒன்றுகூட இல்லை. அவன் தீ நன்றாக நின்றது.