அலிப்பூர் மாடிப்படி ஜன்னல்

கல்கத்தாவுக்குக் குடிவந்த புதிதில், தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் எல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "உங்க வீட்டுக்காரருக்கு எந்த ஆபீஸ்?" ஒருவர் வீட்டில் பாங்கு, ஒருவர் வீட்டில் வெள்ளைக்காரக் கம்பெனி, இன்னொருவர் வீட்டில் சர்க்கார் உத்தியோகம். என் கணவர் தேவாலயங்களுக்கும் பெரிய மாளிகைகளுக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிறவர் என்று சாந்த்ராகாச்சியில் ஒரு ரயில்வே அதிகாரியின் மனைவியிடம் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓகோ, கண்ணாடிக்குப் பெயிண்டு அடிக்கிறவரா" என்றாள். அவள் கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிறந்த வீட்டிலேயே பேர்.

பெயிண்டாவது, அடிப்பதாவது. அந்த வேலையில் பெயிண்டு என்று இருப்பதே ஒரு கறுப்புதான். சிவப்பும் நீலமும் பச்சையும் கண்ணாடி வார்க்கும்போதே அதற்குள் சேர்ந்துவிட்டவை. என் கணவர் இரும்புத் துருவையும் கண்ணாடித் தூளையும் பிசின் தண்ணீர் விட்டு அரைப்பார். அந்தக் கறுப்பை, வெட்டி வைத்த துண்டு முழுவதும் ஒரே சீராகப் பூசிக் காயவிடுவார். பிறகு முரட்டு மயிர்த் தூரிகையால், ஊசியால், சில சமயம் விரல் நுனியால், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுப்பார். எடுத்த இடத்தில் வெளிச்சம் வரும். கன்னம் வேண்டுமானால் கன்னத்தின் மேல் கிடக்கும் இருட்டை எடுக்க வேண்டும். முகம் வரையப்போகிறார் என்று எண்ணிப் பக்கத்தில் உட்கார்ந்தவள், அவர் இருட்டைக் களைந்து களைந்து உள்ளேயிருந்து ஓர் ஆளை வெளியே கூட்டி வருவதைப் பார்த்தபடி எழுந்திருக்கவே மறந்தேன். கடைசியில் சூளையில் வைத்துச் சுட வேண்டும். சுடும்வரை அது வெறும் தூசிதான், ஈர விரல் பட்டால் போய்விடும்.

சென்னையில் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, இங்கே ஒரு வெள்ளைக்காரப் பட்டறையில் சேர்ந்தவர் அவர். முகங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் சீமையிலிருந்து வந்த மாதிரித் தாளைப் பார்த்து அச்சு அசலாக எழுத வேண்டும். புனிதர்கள் அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடி. ஒரு நாள் ஏதோ ஒரு மேய்ப்பனுக்கு எங்கள் பவானிப்பூர் பால்காரர் முகத்தை வைத்துவிட்டார். மேலாளர் கத்த, இவர் பதிலுக்குக் கத்த, வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அந்தப் பால்காரர் மொகம் நல்லா வந்துதா?" என்றுதான் நான் கேட்டேன்.

"அப்படியே வந்துச்சு, ஏளா" என்றார்.

அப்புறம் என்ன. நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடி அறை பட்டறை ஆயிற்று. கொல்லையில் ஒரு சூளை எழும்பியது.

தனியாகத் தொடங்கியபின் வந்த முதல் வேலை, அலிப்பூர் கோர்ட்டில் பேர்போன ஒரு வங்காளி வக்கீல் வீட்டிலிருந்து. அவருடைய ஒரே மகள், பாவாடை வயதைத் தாண்டிப் புடவை கட்டத் தொடங்கிய சமயத்தில், காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய ஜன்னல். அதில் அந்தப் பெண் நிற்க வேண்டும் என்பது தாயின் விருப்பம். சுதேசி கோஷம் தெருவெல்லாம் கேட்ட நாட்கள் அவை. சீமையிலிருந்து வரும் விலாயத்துக் கண்ணாடியை வீட்டுக்குள் விடலாமா என்று வக்கீலுக்குத் தயக்கம். "கண்ணாடிதான் விலாயத்து, வெயில் இந்த ஊருடையது" என்றாராம் இவர். ஒரு வக்கீலின் வாயை அடைத்துவிட்ட பெருமையில் அந்த வாரம் முழுக்க வீட்டில் என்னோடு சரியாகப் பேசவே இல்லை.

அந்த அம்மாள் அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. அதனால் அவரோடு பேச நான்தான் போனேன். எனக்குத் தெரிந்த வங்காளி பாஷை, அண்டை வீட்டுப் பெண்களிடம் பொறுக்கிச் சேர்த்தது. ஆனாலும் காரியத்துக்குப் போதும். சித்தி என்கிற மாதிரி நான் அவரை மாசிமா என்றேன், மருமகளே என்கிற மாதிரி அவர் என்னைப் பௌமா என்றார். அவர் ஒரே ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பட்டுப் புடவையும் வாரிக் கட்டிய தலையுமாக, ஒரு பெண் கண் கொட்டாமல் நின்றாள்.

"வேறு ஏதாவது சொல்லுங்கள், மாசிமா. எப்படிச் சிரிப்பாள், எப்படிப் பேசுவாள்?" என்று கேட்டேன்.

"அவளைப் பற்றி என்னைப் பேச வைக்காதே, பௌமா. அவள் போனதிலிருந்து நான் பேசியதில்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "முகம் அவளுடையதாக இல்லை என்றால் எனக்கு வேண்டாம். வெறும் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்" என்றார்.

துர்க்கா பூஜையை அடுத்த பௌர்ணமியில் வரும் லட்சுமி பூஜை முடிந்ததும் காசிக்குப் போகப்போவதாகவும், திரும்பி வருவது நிச்சயமில்லை என்றும் சொன்னார். அதற்குள் மகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

முகத்துக்கென்று கப்பலில் வரும் கண்ணாடி ரோஜா நிறத்தில் இருக்கும். "இதுல எழுதினா அந்தப் புள்ள மேம்சாயிபு வீட்டுப் புள்ளையா ஆயிரும்" என்று என் கணவர் அதை ஒதுக்கிவிட்டார். பழைய பெட்டிகளைக் குடைந்து, வெல்லப்பாகு நிறத்தில் சில துண்டுகளைக் கண்டுபிடித்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளின் நிறம். அதிலே எழுதி, சுட்டு, மெழுகால் ஒரு வெறும் கண்ணாடியில் ஒட்டி, மாடி அறை ஜன்னலில் நிறுத்தினார். மூடிய வண்டியில் அந்தத் தாய் வந்தார். இவர் கீழே சூளைப் பக்கம் போய்விட்டார்.

"மூக்கு அவளுடையதுதான். கண்ணும்தான்" என்றார் அந்த அம்மாள். "ஆனால் இந்தப் பெண் போட்டோக்காரன் கடையில் நிற்கிறாள். என் மகள் இங்கே இல்லை." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செத்துப்போன பிள்ளையைக் கண்ணால் கண்டிராத மனிதர், ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் என்கிறவருக்கு, வேறு எப்படித்தான் எழுதுவார்? என் கணவர் மேலே ஏறி வந்ததும் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். அவர் அந்தத் துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அவங்க சொன்னது சரிதான். நான் போட்டோவத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

இதற்காகத்தான் நான் அவரை என்றைக்கும் மெச்சுவேன். மேலாளரிடம் சண்டைக்கு நின்ற அதே மனிதர்தான். ஆனால் ஒரு தாய் வந்து, இது என் பிள்ளை இல்லை என்று சொன்னால், குறை தன் கையில் என்று எடுத்துக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அன்றே அடுத்த துண்டை வெட்டினார். அதை எழுதுகிற நாட்களில் டிராமில் ஏறி ஊரைச் சுற்றினார். குளத்தங்கரை, பள்ளிக்கூட வாசல், பெஹாலாப் பக்கத்துத் தோப்பு, எங்கெல்லாம் அந்த வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய் நின்றார்.

"பொம்பளப் புள்ளைகள மொறச்சுப் பாத்து அடி வாங்கிக்கிட்டு வராதீய" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது முகத்தின் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து சேர்ந்தது. எனக்கு அதுவே மிக நன்றாக இருந்தது. "இன்னும் அவ வரல" என்றார் அவர்.

இதற்குள் துர்க்கா பூஜை வந்துவிட்டது. இந்த ஊரில் கருவிகளுக்குப் பூஜை போடுவது விஸ்வகர்மா பூஜை அன்று, ஆவணி போய்ப் புரட்டாசி பிறக்கிற சமயத்தில். மாடிக்கு மாடி பட்டம் பறக்கும். எங்களுக்கு நவமிதான். வங்காளிகள் எல்லாம் துர்க்கை முன்னால் டாக் மேளம் கொட்டிக்கொண்டிருந்த அன்று, எங்கள் மொட்டைமாடி அறையில் கண்ணாடி அறுக்கும் வைரமுனையும் துண்டுகளைக் கோக்கும் ஈயத்தை நறுக்கும் கத்தியும் தூரிகைகளும் பலகை ஏறி உட்கார்ந்தன. அன்றைக்கு எந்தக் கருவியையும் எடுக்கக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் கை வைக்கலாம்.

பொரியும் கடலையும் வைத்துவிட்டு நான் சந்தனக் கிண்ணத்தை ஏந்தி நின்றேன். அவர் கண்ணை அரைவாசி மூடி, எதையோ முணுமுணுத்தபடி, மோதிர விரலால் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீடுகளில் அன்றைக்கு அந்தப் பொட்டுக்குத் தப்புகிற பொருளே கிடையாது. தூரிகைக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, அரைகல்லுக்கு ஒன்று. அப்படியே கை நகர்ந்து, தாங்கியில் நின்ற அந்தச் சுடாத முகத்துக்கும், இரண்டு புருவத்துக்கு நடுவே தாராளமாக ஒன்று.

வைத்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சந்தனம் தளர இருந்தது. அது மூக்கின் ஓரமாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கையால் தொட்டால் இன்னும் கெடும். தூரிகையை எடுக்கவோ அன்றைக்கு முறையில்லை.

"நல்ல வேள, பக்கத்துல நின்ன எனக்கும் வைக்காம விட்டீய" என்றேன். லட்சுமி பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பகல் முழுவதும் அந்த முகத்தையே பார்த்திருந்தார். வேலை செய்யக்கூடாத கை என்பதால் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம்.

விஜயதசமி காலையில் கும்பிட்டுவிட்டு முதல் தூரிகையை எடுத்து, காய்ந்த சந்தனத்தைத் தட்டினார். அது கறுப்பையும் சேர்த்துக்கொண்டு உதிர்ந்தது. நெற்றியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வெறும் இடம், மூக்கோரம் ஒரு மெல்லிய தடம். அந்த இரண்டிலும் வெயில் பளிச்சென்று வந்தது.

"சொரண்டிட்டுப் புதுசா எழுதுங்க. நாள் இருக்கு" என்றேன்.

"கொஞ்சம் பேசாம இரு."

துண்டை வெயிலில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஊர்ல எந்தப் புள்ளைக்கு நெத்தி காஞ்சு கெடக்கு?" என்றார். "போட்டோக்காரன் பவுடரப் போட்டு நிறுத்திட்டான். நானும் அதையே எழுதிட்டேன்."

பிறகு அவர் கை போன வேகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. முரட்டுத் தூரிகையால் நெற்றிப் பொட்டில் தொட்டார், மூக்கு நுனியில் தொட்டார், மேலுதட்டுக்கு மேலே பொடிப்பொடியாகத் தொட்டார். தொட்ட இடமெல்லாம் மின்னியது. வாரிக் கட்டிய தலையிலிருந்து இரண்டு மயிரைப் பிரித்து நெற்றியில் ஒட்ட விட்டார். உதட்டை ஊசியால் ஒரு கோடு திறந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு என் கண் முன்னால் மூச்சு வாங்கியது, வேர்த்தது. அப்படி ஒரு கை வேறு யாருக்கும் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

சூளையில் வைத்துச் சுட்டு, ஆறவிட்டு எடுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை. லட்சுமி பூஜைக்கு முந்தின நாள் காலையில் அந்தத் தாய் வந்தார். காசிக்குப் போக மூட்டை கட்டியாகிவிட்டது என்று படி ஏறும்போது சொன்னார். என் கணவர் கதவுக்கு வெளியே, சுவரைப் பார்த்தபடி நின்றார். இதுவும் இல்லை என்றால் இன்னொன்றுக்கு நேரம் கிடையாது.

ஜன்னலில் முகத்தை மறைத்திருந்த துணியை எடுத்தேன். அந்தத் தாய் அறை நடுவில் நின்று பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் நடந்து வருவது கேட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, இடது கையால் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் அந்த நெற்றியைத் துடைத்தார். மேலுதட்டைத் துடைத்தார்.

"எங்கேடி ஓடிவிட்டு வருகிறாய், இப்படி ஊற்றுகிறதே" என்றார் வங்காளியில், அதட்டுகிற குரலில். "வெயிலில் போகாதே என்றால் கேட்கிறாயா?"

மறுபடியும் நெற்றிக்கு வந்தார். நான் ஓசைப்படாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"புள்ளகிட்டப் பேசிக்கிட்டு இருக்காங்க" என்றேன்.