மே/பா

எங்கள் அலுவலக வரவேற்பறையில், கண்ணாடிக்குள் ஒரு தகரத் தபால் பெட்டி இருக்கிறது. பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து, கீல் துருப்பிடித்த பெட்டி. அதன் முகப்பில் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வீட்டு விலாசம். அதற்கு மேலே தமிழில் ‘மே/பா’ என்று இரண்டே எழுத்து. கல்கத்தா சால்ட் லேக்கின் இந்த ஏ.சி. கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தினமும் அதைக் கடந்துதான் என் அறைக்குப் போகிறேன். பெரும்பாலும் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவேன்.

பெட்டி தீதியுடையது. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; தஞ்சாவூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது கல்கத்தா. லேக் மார்க்கெட் சந்து ஒன்றில் தனியாக இருந்தார். அக்கம்பக்கத்து வங்காளிகள் அவரை அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்றார்கள், மதுரையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த நானும் அப்படியே ஒட்டிக்கொண்டேன். “நெடில் போட்டு எழுதுப்பா. குறில் போட்டா நீ எனக்கு திதி குடுக்கற மாதிரி ஆயிடும்” என்று கேலி செய்வார். சனிக்கிழமைகளில் அவர் வீட்டு உணவு மேஜையில் உட்கார்ந்து யார் யாருக்கோ வேலை விண்ணப்பம் அடித்துக் கொடுப்பேன். கூலியாக இரண்டு முறை காபி கிடைக்கும்.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான். வேலை கேட்டுப் போனால் விலாசம் கேட்கிறார்கள். வீடு கேட்டுப் போனால் வேலை கேட்கிறார்கள். கால்வாய்க் கரையில் குடிசை பறிபோனவர்களும் நடைபாதையில் படுப்பவர்களும் இந்த இரண்டுக்கும் நடுவே வருஷக்கணக்கில் அலைந்தார்கள். தீதி தன் வீட்டு விலாசத்தையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். யார் பெயருக்குக் கீழேயும் அவர் பெயர் இருக்கும், நடுவில் ‘மேற்பார்வை’ என்று. “எங்கப்பா இந்த ஊருக்கு வந்தப்ப ஒரு மெஸ்ல பாய் விரிக்கிற எடம்தான் அவருக்கு. ஊர்லேர்ந்து மே/பா போட்டுத்தான் லெட்டர் வரும். அப்புறம்தானேப்பா பேங்க் வேலை, வீடு, கல்யாணம், நான் எல்லாம்” என்பார். அந்த நினைவாகத்தான் பெட்டியில் அந்த இரண்டு எழுத்து.

மேஜை போதாமல் மாடியில் ஓர் அறை எடுத்தோம். பிறகு டிரஸ்ட் ஆனோம், நன்கொடையாளர்கள் வந்தார்கள், நான் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நிர்வாகி ஆனேன். சால்ட் லேக்கில் ஒரு தளமே கிடைத்தது. தீதி அங்கே ஒரு முறை வந்து, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “காலு தரையில படலையே” என்று எழுந்துவிட்டார். நான் சிரித்தேன். வளர்ச்சி என் தலைக்கு ஏறியிருந்த காலம் அது.

புதிய நன்கொடையாளரின் வக்கீல்தான் முதலில் கேட்டார்: ஒரு தனியார் வீட்டு விலாசத்தில் இத்தனை பேரா? நாளை ஒருவன் தப்பு செய்தால் யார் பொறுப்பு? கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தீதி கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நானே முடிவெடுத்தேன். இனி அந்த விலாசத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பினேன். தபால் அலுவலகத்துக்கும், தீதியைத் தவிர வேறு பெயருக்கு வருவதைத் திருப்பிவிடுங்கள் என்று ஒரு பட்டியலோடு எழுதிக் கொடுத்தேன். அறிவிப்புகள் போன பிறகு அந்தப் பட்டியல் அமலுக்கு வரும்படி தேதியும் போட்டேன். எல்லாம் கச்சிதம். அறிவிப்புகளைக் கம்ப்யூட்டர் எங்கே அனுப்பும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு விலாசம்தான்.

பெட்டிச் சாவியைத் தீதி என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை தவறாமல் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார். ஆபீஸ் மாற்றும் மும்முரத்தில் நான் ஒரு சனிக்கிழமைகூடப் போகவில்லை.

அந்த நாட்களில், மாஷி என்று நாங்கள் கூப்பிடும் ஒருத்தி, சித்தி வயது இருக்கும், நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அந்த வேலையை நம்பி காளிகாட்டில் ஓர் அறை, ஒரு மாதத் தவணை சொல்லிப் பிடித்திருந்தாள். விலாசத்துக்கு ஒரு கடிதம் வரும்; அதைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் வேலை உறுதி. மூன்று முறை எனக்கு போன் செய்தாள். “சிட்டி எஷேச்சே, பாபா?” கடிதம் வந்துவிட்டதா என்று. “வரும் மாஷி, வரும்” என்றேன் மூன்று முறையும். திருப்பி அனுப்பச் சொன்னவனே நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தீதி திரும்பி வந்த அன்று போன் செய்தார். “தம்பி, பொட்டிக்குள்ள எனக்கு நெறைய லெட்டர் வந்துருக்கு போலருக்கே. சாவிய எடுத்துண்டு வரியா?” போனேன். பெட்டி நிறைய எங்கள் சின்னம் போட்ட வெள்ளை உறைகள். ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். திட்டவில்லை. ஓர் உறையை மட்டும் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். “இது மாஷிக்கு. கொண்டுபோய்க் குடுத்துட்டு வா.”

காளிகாட் அறையில் வேறு குடும்பம் இருந்தது. அவள் போன் அணைந்திருந்தது. நர்சிங் ஹோமில் விசாரித்தால், கடிதம் ‘இப்படி யாரும் இல்லை’ என்று திரும்பி வந்ததாம், வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். கறுப்புக் கண்ணாடியோடு தீதியும் என்னுடன் வந்தார். கோயில் சந்துகள், ஆற்றங்கரை, பாலத்தடி என்று பல நாள் தேடினோம். அவள் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த உறை என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கொடுக்கவும் ஆளில்லை, கிழிக்கவும் கை வரவில்லை.

அதற்குப் பிறகு தீதி அலுவலகத்தில் கால் வைக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். இப்போது குறில் போட்டு எழுதினாலும் தப்பில்லை. அந்த வீட்டைக் காலி செய்தபோது, நிறுவனர் நினைவாக இருக்கட்டும் என்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து கண்ணாடிக்குள் வைத்தார்கள். ‘வைத்தார்கள்’ என்று எழுதுவது கோழைத்தனம். உத்தரவு போட்டவன் நான்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். வரவேற்பறையில் இருந்தவர் படிவத்தை நீட்டினார். நான் வடிவமைத்த படிவம்; முதல் கட்டமே விலாசம். அதை நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. “டிகானா நேய்” என்றாள் அவள், விலாசம் இல்லை. இல்லாமல் பதிய முடியாது என்று வரவேற்பறைக்காரர் மரியாதையாகவே சொன்னார். நான் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். அவள் படிவத்தை மடித்துப் பிடித்தபடி கண்ணாடிக்குள் இருந்த பெட்டியைக் காட்டி, அது யாருக்கு, இதை அதில் போடலாமா என்று வங்காளத்தில் என்னிடம் கேட்டாள்.

இல்லையம்மா, அது சும்மா பார்வைக்கு வைத்திருக்கிறது என்றேன்.