செவ்வாய் நின்ற இடம்

என் தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்தது செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை. நான்தான்.

மலைமேல் பள்ளங்கியில் பூண்டுக்காட்டு வேலை போக எனக்கிருந்த ஒரே பைத்தியம் லேப்டாப்பில் ஒரு விண்வெளி விளையாட்டு. சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடும். நாம் ராக்கெட் கட்டி அனுப்பலாம். ஆட்டம் தொடங்கும்போது எந்தத் தேதி வேண்டுமோ அதைக் கொடுக்கலாம். முப்பத்தைந்து வயதில் இதற்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன்.

தங்கையின் ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாயும் சனியும் சேர்ந்து கிடந்தன. வந்த வரனெல்லாம் அதைப் பார்த்தே தட்டிப்போனது. கடைசியில் ஆயக்குடியிலிருந்து ஒரு கொய்யா வியாபாரி தன் மகனுக்குக் கேட்டு வந்தார். பையனுக்கும் செவ்வாய் தோஷம். தோஷத்துக்குத் தோஷம் சரியாய்ப் போச்சு என்று பொருத்தம் கூடிவந்தது. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்தும் விட்டது. பூ வைக்க வந்தார்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சாப்பாடு தயாராகும்வரை பொழுது போக வேண்டுமே என்று, தங்கை பிறந்த தேதியைப் போட்டு, "மாமா, எந்தங்கச்சி பொறந்த அன்னைக்குக் கிரகமெல்லாம் எங்கெங்க இருந்துச்சுன்னு பாருங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரையைத் திருப்பினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். செவ்வாய் சூரியனுக்கு இந்தப் பக்கம் நின்றது, சனி அந்தப் பக்கம்.

"ஜாதகத்துல ரெண்டும் சேந்துல்ல கெடக்கு?" என்றார்.

தேதியை மறுபடி சரியாகப் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் நின்றன. பையனின் தோஷத்துக்குப் பொருந்த வேண்டும் என்று நாங்கள் ஜாதகத்தைத் திருத்தி எழுதிவிட்டோம் என்று முடிவே செய்துவிட்டார்கள். கொண்டுவந்த பூவோடு, சாப்பிடாமலே இறங்கிப் போனார்கள்.

அப்புறம்தான் வேறொரு தேதியைப் போட்டுப் பார்த்தேன். அதே இடம். அப்பா பிறந்த தேதி, நேற்றைய தேதி, எதைப் போட்டாலும் செவ்வாய் அங்கேயே நின்றது. விளையாட்டைச் செய்தவன் ஒவ்வொரு கிரகத்துக்கும் தன் வசதிக்கு ஒரு தொடக்க இடம் வைத்திருக்கிறான். தேதி வெறும் ஒப்புக்குத்தான். இத்தனை வருஷம் ஆடியும் இது எனக்குத் தெரியவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆயக்குடிக்கு ஓடினேன். நாலு தேதி போட்டுக் காட்டினேன். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"அன்னைக்கு நீங்க காட்டயில நெசம், இன்னைக்குக் காட்டயில பொய்யா தம்பி?" என்றார் அவர். "பஞ்சாங்கம் சரியாவே இருக்கட்டும். ஒருக்கா மனசு ஒடஞ்சிருச்சு, இனி ஒட்டாது. போயி ஒங்க சோலியப் பாருங்க."

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பத்து நாள் கழித்துத் தங்கைதான் பூண்டு உரித்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"அவரு நம்புறாருண்ணே. அவுக அப்பாகிட்டப் பேசத்தான் முடியலையாம். நீ இன்னொரு தடவ போயிச் சொல்லுவியா?"

"நாளைக்கு வெள்ளனே போறேன்" என்றேன். அந்தப் பத்து நாளில் ஏற்கெனவே இரண்டு முறை போய், அவர்கள் வீட்டின் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியதை அவளிடம் சொல்லவில்லை.