பச்சா ஜெயில் பாயி

பேனா பிடிக்கிற உத்தியோகங்களில் அதிகம் பயமுறுத்துவது எது என்று என்னைக் கேட்டால், குழந்தைகள் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுவதுதான் என்பேன். மற்ற ஆபீஸ்களில் தப்பாக எழுதினால் அடித்துவிட்டுத் திருத்தலாம். நாங்கள் தப்பாக எழுதினால் ஒரு குழந்தை தப்பான வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஐயோ திறந்துவிடப் போகிறார்களே என்று நடுங்கி நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்வது புரியும்.

அறுபதுகளில் பம்பாயில் பிரொபேஷன் ஆபீசராக இருந்தேன். வீடு மாட்டுங்காவில். தமிழ் தெரிந்தவள் என்பதால் தாராவி, ஆண்டாப் ஹில், செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்க் குழந்தைகளின் கேஸெல்லாம் என் மேஜைக்கே வரும். தனியாகத் திரிகிற குழந்தையைப் போலீஸ் பிடித்தால் முதலில் ரிமாண்ட் ஹோமில் வைப்பார்கள். அதன் வீட்டை விசாரித்து, திருப்பி அனுப்பலாமா கூடாதா என்று நான் எழுத வேண்டும். அந்த ஹோமுக்கு ஜனங்கள் வைத்த பெயர் பச்சா ஜெயில், குழந்தைகள் ஜெயில். எனக்கு வைத்த பெயர் பச்சா ஜெயில் பாயி, அதாவது ஜெயிலம்மா.

சாக்கு

முதன்முதலாக தாராவிக்குத் தனியாகப் போன நாள். சந்துக்குள் நான் நுழைந்ததும் தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. பட்டப்பகலில் ஒரு தெருவே என்னைப் பார்த்து மூடிக்கொண்டது. மீன் அரிந்துகொண்டிருந்த ஒருத்தி மட்டும் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரையும் பிடிக்க வரவில்லை, ஒரு விலாசம் கேட்கத்தான் வந்தேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் மறுபடி மீனை அரியத் தொடங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நாலு வயதுச் சிறுமி மட்டும் தலையை நீட்டி என் கைகளை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “பிள்ளைபிடிக்கிறவிய சாக்கு கொண்டாருவாவளே, ஒங்க சாக்கு எங்க?”

ஊமை

முத்துக்கனிக்கு ஒன்பது வயதிருக்கும். தாதர் ஸ்டேஷன் பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார்கள். ஹோமில் நாலு நாளாக இந்தியிலும் மராத்தியிலும் கேட்டுப் பார்த்துவிட்டு, அட்டையில் ‘ஊமை’ என்று எழுதிவிட்டார்கள். இடது முன்கையில் பட்டையாக ஒரு சூட்டுக் காயம்.

நான் தரையில் உட்கார்ந்து, “உன் பேரென்னடிம்மா? சொல்லேன்” என்றேன். எங்கள் வீட்டுத் தமிழ், அக்கிரகாரத்துத் தமிழ். அதைக் கேட்டதும் அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு காயத்தைப் பாவாடைக்குள் மறைத்தாள். இந்தத் தமிழ் பேசுகிற யாரோதான் அவளைச் சுட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தாராவிச் சந்துகளில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன்: “ஒம் பேரு என்னட்டி? ஒங்க அம்மை எங்க இருக்கா?” அவள் நிமிர்ந்தாள். நாலு நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்: “என்னைய எங்க விக்கப் போறீய?”

மகள் மாதிரி

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தாராவியில் தோல் காயப்போடும் வேலை செய்கிற அம்மா, அப்பா செத்த பிறகு அவளை மாட்டுங்காவில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள விட்டிருந்தாள். பால் பொங்கி வழிந்ததற்கு அந்த வீட்டு மாமி தோசைத் திருப்பியைக் காய்ச்சிக் கையில் சூடு வைத்தாள். ஓடிய பெண் வழி தெரியாமல் தாராவிக்கு நேர் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறாள். எந்த வீடு என்று கேட்டேன். கோயிலுக்குப் பக்கத்துக் கட்டடம், மூன்றாவது மாடி, வாசலில் மஞ்சள் தபால்பெட்டி. அந்த வீட்டுக்கு நான் நவராத்திரிக்குப் போய்ச் சுண்டல் வாங்கியிருக்கிறேன். என் அப்பாவுக்கு ஆபீசில் மேலதிகாரியாக இருந்தவரின் வீடு.

சிறு பெண்ணை வீட்டு வேலைக்கு வைப்பது அன்று குற்றமில்லை. கொடுமை செய்வதுதான் குற்றம். விசாரிக்கப் போனேன். மாடிப்படியில் இரண்டு தடவை நின்றேன். மாமி சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள். சூடு வைத்ததை அவள் மறைக்கக்கூட இல்லை. சமையலறை நிலைப்படியில் அவளுடைய சொந்தப் பெண், பத்து வயதிருக்கும், முழுக்கை ரவிக்கையைக் கீழே கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றது. மாமி அதைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “என் பொண்ணு மாதிரிதான் வெச்சிண்டிருந்தேன். தப்புப் பண்ணினா அவளுக்கும் இதேதான்.”

லீவு

அந்த ரிப்போர்ட்டை மூன்று தடவை கிழித்தேன். ‘காயம் தற்செயலாக ஏற்பட்டிருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம். எழுதியும் பார்த்தேன். அந்த ‘லாம்’ என்னையே முறைத்தது.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. தங்கை கல்யாணம், குவார்ட்டர்ஸ், பிரமோஷன் எல்லாம் அவர் கண் முன்னால் போய் வந்தது எனக்குத் தெரிந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “நீ நடந்ததை எழுது. கோர்ட்டுல படிக்கிற அன்னிக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடு, நான் லீவு போட்டுடறேன்.”

கட்டம்

மாமிக்கு அபராதமும் எச்சரிக்கையும் கிடைத்தன. அப்பாவுக்கு நாலு மாதத்தில் நாக்பூருக்கு மாற்றல் கிடைத்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாமியின் சொந்தப் பெண்ணைப் பற்றியும் ரிப்போர்ட்டில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். புகார் வந்தால் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். புகார் வரவே இல்லை. அந்த ரவிக்கைக் கையை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

முத்துக்கனி விஷயம் முடியவில்லை. அம்மாவிடம் அனுப்புவதா, பதினாறு வயது வரை விடுதியில் வைப்பதா? அம்மா பேச்சியம்மாள் ஹோம் வாசலில் தினமும் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் வேலைக்கு விட்டவளும் அவள்தானே. மறுபடி விட மாட்டாள் என்று நான் எதை வைத்து எழுதுவது? எங்கள் படிவத்தில் வருமானத்துக்குக் கட்டம் உண்டு, அறையின் நீள அகலத்துக்குக் கட்டம் உண்டு. குழந்தை என்ன விரும்புகிறது என்பதற்குக் கட்டம் இல்லை. சீனியர் ஆபீசர் ஜோஷி பாயியிடம் கேட்டேன். “ஓரத்தில் இடம் இருக்கிறதே, அங்கே எழுது” என்றாள். முத்துக்கனியிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதினேன்: “அம்மைகிட்டதான் போவேன். ஆனா அம்மை மறுபடியும் விட்டுருவாளோன்னு பயமா இருக்கு.”

பூட்டு

மாதம் ஒரு தடவை நான் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அம்மாவிடம் அனுப்பினார்கள். என் சிபாரிசுதான். முதல் மாதம் போனபோது தாராவிக் குடிசையில் பூட்டுத் தொங்கியது. காலி செய்து நாலு நாளாச்சு என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது எனக்குச் சொல்லவில்லை. பேச்சியம்மாள் பெண்ணை மறுபடி ஏதோ ஒரு வீட்டில் விட்டுவிட்டாள், என் கையெழுத்தாலேயே விட்டுவிட்டாள் என்று முடிவே செய்துவிட்டேன். அடுத்த பதினைந்து நாள் மாட்டுங்காவில் எந்த பால்கனியில் ஒரு சின்னப் பெண் துணி உலர்த்தினாலும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். அவளாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன்.

கடைசியில் ஆண்டாப் ஹில்லில், முனிசிபாலிடி தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி சொன்னாள், புதிதாக ஒரு முத்துக்கனி சேர்ந்திருக்கிறாள் என்று. மத்தியானம் அந்தக் குடிசைக்குப் போனேன். பேச்சியம்மாள் என்னைக் கண்டதும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பச்சா ஜெயில் பாயி மாதம் மாதம் வந்து பார்த்து, ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று பக்கத்துவீட்டுக்காரி சொன்னாளாம். எனக்குப் பயந்துதான் ஓடி வந்திருக்கிறார்கள். நான் பயந்தது அவளுக்கு. அவள் பயந்தது எனக்கு. கூட்டிப்போக வரவில்லை என்று நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அப்போது உள்ளேயிருந்து முத்துக்கனி வந்தாள். ஒரு கையில் சிலேட்டு, இன்னொரு கையில் தம்ளர். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “யம்மா, இவியளுக்குத் தண்ணி குடுக்கவா, இல்ல ஓடிருவமா?”

எட்டு வருஷ உத்தியோகத்தில் என்னைக் கண்டு பயப்படாத குழந்தை ஒன்றே ஒன்றைப் பார்த்தேன். அதற்குப் பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.